முதல்முறை கைல் ஃபீல்டுக்குப் போகிறேன்: ஏ அண்ட் எம் மரபுகள் பாசமா, பட்டாளக் கட்டுப்பாடா?

மதுரைத்தம்பி_ஆஸ்டின்:
வணக்கம். ஆஸ்டினில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தபின் எனக்கு இதுதான் முதல் அமெரிக்க ஃபுட்பால் சீசன். வரும் நவம்பர் 30 அன்று நம் லாங்ஹார்ன்ஸ் (நீளக் கொம்பு மாடுகள்) அணி காலேஜ் ஸ்டேஷன் நகருக்குப் போய், கைல் ஃபீல்டு ஸ்டேடியத்தில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணியுடன் மோதுகிறது. 2011இல் கடைசியாக ஆடியவர்கள், இந்த 2024இல்தான் மறுபடி சந்திக்கிறார்கள். அவர்கள் 2012இல் எஸ்.இ.சி. லீக்குக்குப் போனார்கள், நாம் இந்த ஆண்டுதான் அதே லீக்கில் சேர்ந்தோம். எனக்கும் டிக்கெட் கிடைத்துவிட்டது.

எதிரணியைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்களாம். சியர்லீடர்கள் கிடையாது, வெள்ளை உடுப்பில் ஐந்து மாணவர்கள் முழக்கங்களை நடத்துவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் ஸ்டேடியத்தில் கூடிக் கத்திப் பழகுவார்கள். அணியின் சின்னமான ரெவெலி என்ற நாய்க்குப் பெரிய மரியாதை, இறந்த ரெவெலிகளுக்கு ஸ்டேடியத்தின் வடக்கு வாசலில் கல்லறை. எனக்கு இது ஆட்ட ரசனையாகத் தெரியவில்லை, அணிவகுப்பு மாதிரி இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொம்பு_விசுவாசி:
தம்பி, உங்கள் கண்ணில் பட்டது சரிதான். 1876இல் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே அது ராணுவப் பயிற்சி தரும் கல்லூரி. 1965 வரை கேடட் படையில் சேர்வது கட்டாயம். கட்டாயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. அந்த ஐந்து பேரும் கையால் ஒரு சைகை காட்டுவார்கள். முன்வரிசை அதைப் பின்வரிசைக்குக் கடத்தும். அப்புறம் எல்லோரும் முழங்காலில் கைவைத்துக் குனிந்து ஒரே குரலில் முழங்குவார்கள். ஆட்டத்தில் நடப்பதைப் பார்த்து மனசு துள்ளிக் கத்துவது ஒன்று, சைகைக்குக் கத்துவது வேறொன்று. என்னால் இரண்டாவதை ரசிக்க முடியவில்லை.

மெரூன்_அக்கா:
நான் அங்கே படித்தவள். கேடட் படையில் இருந்ததில்லை, என்னை யாரும் சேரச் சொன்னதும் இல்லை. இன்று அங்கே பெரும்பாலானவர்கள் என்னைப் போலத்தான். இருந்தும் நின்றோம். ஏன் என்று கேளுங்கள், தம்பி.

1922 ஜனவரி 2. டாலஸில் டிக்ஸி கிளாசிக் ஆட்டம், எதிரே சென்டர் கல்லூரி. நாட்டிலேயே வலுவான அணிகளில் ஒன்று அது. எங்கள் ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியேறுகிறார்கள். ஃபுட்பாலை விட்டு கூடைப்பந்துக்குப் போயிருந்த கிங் கில் என்ற மாணவர், மேலே பத்திரிகைக்காரர்கள் பகுதியில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். கோச் டானா பைபிள் கூப்பிட்டதும் இறங்கி வந்து, அடிபட்டவரின் சீருடையைப் போட்டுக்கொண்டு ஆட்டம் முடியும்வரை ஓரத்தில் தயாராக நின்றார். 22-14 என்று ஜெயித்தார்கள். அவரை இறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

களத்தில் ஆடுவது பதினொரு பேர். தேவைப்பட்டால் இறங்கத் தயாராக நிற்பவரைத்தான் எங்கள் ஊரில் பன்னிரண்டாவது ஆள் என்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆடாதவரைத்தான் அவர்கள் கொண்டாடுகிறார்கள், அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். 1983இல் கோச் ஜாக்கி ஷெரில் சாதாரண மாணவர்களைச் சேர்த்து, கிக் ஆஃப் பந்தை எடுத்து ஓடிவரும் எதிரணியைத் தடுக்கும் அணியே அமைத்தார். 12ஆம் எண் சட்டை இன்றும் உதவித்தொகை இல்லாமல் அணிக்கு வந்த ஒருவருக்குத்தான். 1,02,733 பேர் கொள்ளும் ஸ்டேடியத்தில் நிற்கும் மாணவருக்குத் தானும் தேவைப்படலாம் என்ற எண்ணம் வருகிறதே, அதைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது.

கொம்பு_விசுவாசி:
கில்லின் கதையை நானும் மதிக்கிறேன். நிற்காதவரை உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்பதையும் தம்பிக்குச் சொல்லுங்கள். "டூ பர்சென்டர்". மரபுகளில் கலந்துகொள்ளாத அந்த இரண்டு சதவீதத்தில் ஒருத்தன் என்று அர்த்தம். விருப்பப்பட்டுச் செய்வது என்றால், செய்யாதவருக்குப் பட்டப்பெயர் எதற்கு? பதினெட்டு வயதில் புது ஊருக்கு வரும் பையனுக்கு அந்தப் பேச்சே போதும், கால் வலித்தாலும் நிற்பான்.

மெரூன்_அக்கா:
அந்தச் சொல் எனக்கும் பிடிக்காது, அப்போதே சண்டை போட்டிருக்கிறேன். அதை வைத்து மொத்தத்தையும் தள்ளாதீர்கள். படிக்கும் மாணவர் ஒருவர் இறந்துவிட்டால், அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய் இரவு வளாகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் கூடுவார்கள். துப்பாக்கி மரியாதை, ஊதுகொம்பு, அவ்வளவுதான். சில்வர் டாப்ஸ் என்று பெயர். உள்ளூர்ப் பிள்ளையா, எங்களைப் போல் கடல் தாண்டி வந்தவரா என்று பார்ப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்காக நானும் அங்கே நின்றிருக்கிறேன். ஏப்ரல் 21 அன்று மஸ்டர். அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயரைக் கூப்பிடும்போது, உறவினரோ நண்பரோ "இருக்கிறேன்" என்று பதில் சொல்வார்கள். இதையும் அணிவகுப்பு என்பீர்களா?

கட்டடப்_பொறியாளர்:
நடுவில் வருகிறேன். நானும் ஏ அண்ட் எம் தான். அக்கா சொன்னது எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு. ஆனால் நம் மரபுகளைப் பற்றிப் பேசும்போது பான்ஃபயரை விட்டுவிடக் கூடாது.

தம்பிக்காக: ஒவ்வோர் ஆண்டும் உங்கள் அணியுடனான ஆட்டத்துக்கு முன் மாணவர்களே காட்டில் மரம் வெட்டி, ஆயிரக்கணக்கான தடிகளை அடுக்கடுக்காக நிறுத்திக் கொளுத்துவார்கள். 1969இல் அது 109 அடியைத் தாண்டியது. அதன் பிறகு 55 அடி என்று வரம்பு வைத்தார்கள். 1963இல் கென்னடி கொல்லப்பட்டதால் மட்டும் கொளுத்தவில்லை. 1999 நவம்பர் 18, அதிகாலை 2.42க்கு, கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேருக்குக் காயம்.

விசாரணைக் குழுவின் முடிவை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்க மாட்டோம். மேல் அடுக்கின் தடிகள் ஆப்பு மாதிரி கீழ் அடுக்குக்குள் இறங்கி அதை வெளியே நெட்டித் தள்ளின. கீழ் அடுக்கைச் சுற்றிய கம்பிக்கு அதைத் தாங்கும் வலு இல்லை. எழுதி வைத்த வடிவமைப்பே கிடையாது. சீனியர் ஜூனியருக்குச் சொல்ல, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருந்தது. பல்கலைக்கழகமும் தட்டிக் கேட்கவில்லை. கொம்பு நண்பரே, நீங்கள் பயப்பட வேண்டியது குனிந்து முழங்குவதைப் பற்றி இல்லை. "எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்" என்ற பேச்சைப் பற்றி.

மெரூன்_அக்கா:
அதனால்தான் ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்கிறேன். வளாகத்துக்கு வெளியே மாணவர்கள் இன்றும் கட்டுகிறார்கள். முறையான வடிவமைப்பு இருக்கிறது, ஒவ்வொரு தடியும் தரையில் ஊன்றி நிற்கிறது, ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. இந்த ஆண்டு பல்கலைக்கழகக் குழுவே பொறியாளர் வடிவமைப்பில், ஒப்பந்தக்காரர்களை வைத்துக் கட்டலாம் என்று பரிந்துரைத்தது. தலைவர் மார்க் வெல்ஷ் ஜூனில் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அது வருத்தம்தான். பான்ஃபயர் இல்லாமல் டெக்ஸஸ் ஆட்டமா?

கட்டடப்_பொறியாளர்:
வெல்ஷ் செய்தது சரி. மாணவர்கள் கோடாரி எடுக்காமல், இரவெல்லாம் சேர்ந்து உழைக்காமல், ஒப்பந்தக்காரர் கிரேன் வைத்து அடுக்கித் தந்தால் அது வெறும் தீ. வெளியே கட்டும் பிள்ளைகள் பொறுப்பாகக் கட்டுகிறார்கள், கட்டட்டும். 12 குடும்பங்கள் இருக்கும்போது பல்கலைக்கழகம் தன் பெயரில் அதை மறுபடி கொளுத்தக் கூடாது. எனக்கு இதில் சமரசம் கிடையாது.

மெரூன்_அக்கா:
அந்தக் குடும்பங்கள் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று நீங்களும் நானும் முடிவு கட்ட முடியாது. அவர்களைக் கேட்டுச் செய்யட்டும் என்பதுதான் என் கட்சி.

கொம்பு_விசுவாசி:
இதில் நான் பொறியாளர் பக்கம். விபத்துக்குப் பிந்தைய அந்த வாரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் ஏ அண்ட் எம் ஆட்டத்துக்கு முன் சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றிச் சாபம் போடும் ஹெக்ஸ் ராலி என்று ஒன்று உண்டு, 1941இல் தொடங்கியது. 1999இல் அதை நிறுத்திவிட்டு, இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டமாக மாற்றினார்கள். நவம்பர் 26 ஆட்டத்தில் இடைவேளையின்போது லாங்ஹார்ன் பேண்ட் அஞ்சலி இசை வாசித்துத் தொப்பியைக் கழற்றியது. ஏ அண்ட் எம் 20-16 என்று ஜெயித்தது. நான் லாங்ஹார்ன்தான், அன்று அவர்கள் ஜெயித்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

மற்றபடி என் கருத்தில் மாற்றம் கிடையாது. சைகைக்குக் கத்துவது எனக்கு ஆகாது.

மதுரைத்தம்பி_ஆஸ்டின்:
எல்லோருக்கும் நன்றி. நான் நினைத்ததைவிட இதில் நிறைய இருக்கிறது. டூ பர்சென்டர் விஷயம் இன்னும் உறுத்துகிறது, அதை அக்காவே ஒத்துக்கொண்டது பிடித்தது. முந்தின நாளே கிளம்பி நள்ளிரவுக் கூட்டத்தையும் பார்க்கலாமா? ஆரஞ்சுச் சட்டையில் போனால் பிரச்சினை வருமா?

மெரூன்_அக்கா:
தாராளமாக வாருங்கள். உங்கள் அணியை வாரு வாரு என்று வாருவார்கள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். தெருவில் தெரியாதவர்களும் "ஹௌடி" என்பார்கள், பதிலுக்குச் சொன்னால் போதும். மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டருக்குள் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். வெளியே புல்லில் கால் வைக்காதீர்கள், போர்களில் இறந்த மாணவர்களின் நினைவாக விட்டிருக்கும் புல் அது. எங்கள் பாட்டுக்கு மொத்த மாணவர் பகுதியும் தோளில் கைபோட்டுக் குறுக்கும் நெடுக்கும் ஆடும். லாங்ஹார்னின் கொம்பை அறுக்கிறோம் என்று அர்த்தம். 2011க்குப் பிறகு நீங்கள் எதிரில் இல்லாமலே அதை ஆடிக்கொண்டிருந்தோம்.

கொம்பு_விசுவாசி:
எங்கள் பாட்டிலும் ஏ அண்ட் எம்முக்கு விடைகொடுக்கும் வரி அப்படியே இருந்தது, அக்கா. இதுவரை 118 ஆட்டங்களில் 76 எங்களுக்கு, 37 உங்களுக்கு, 5 சமன். தம்பி, அவர்கள் கொம்பறுக்கும்போது நீங்கள் கையில் கொம்பு காட்டிக்கொண்டு நில்லுங்கள். 77ஆவது வேண்டும்.