பழைய சிஆர்-வி: ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்னாலிருந்து முனகல்

பானஸ்வாடி பெட்ரோல்

வண்டி 2004 ஹோண்டா சிஆர்-வி. 2.0 பெட்ரோல், மேனுவல், நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். சித்தப்பா வைத்திருந்தது, இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஆர்.சி. இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று, அதனால் 'தள்ளிவிட்டுடுங்க' என்கிற யோசனை மட்டும் வேண்டாம்.

எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தூணைச் சுற்றித்தான் வெளியே வர முடியும். காலையில் வண்டி எடுக்கும்போது ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து பெங்களூரு சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்து, முழுக்க ஒடித்துத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் 'உர்ர்ர்' என்று முனகுகிறது, அதிர்கிறது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால்தான் நகர்கிறது. ரிவர்ஸிலும் இப்படித்தான். போன மாதம் கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. முதல் சில வளைவுகள் அமைதியாகப் போயின, அப்புறம் வளைவுக்கு வளைவு முனகல். அம்மா பயந்துவிட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் 'டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கியர் பெட்டி) போச்சு, பழசு ஒன்று வாங்கிப் போடலாம், 45,000 ஆகும்' என்கிறார்கள். கீழே படுத்துக்கூடப் பார்க்கவில்லை. இதோடு 60-க்கு மேல் போனால் தனியாக ஓர் இரைச்சல் வருகிறது. இரண்டும் ஒன்றுதானா? பின்டயர் இரண்டும் புதுசு, முன்டயர் பழசு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்டோன்மென்ட் ஸ்பேனர்

தம்பி, 45,000-ஐ பாக்கெட்டிலேயே வைத்திருங்கள். சூடானபின் முனகல், முழு ஒடிப்பில் முனகல், சத்தம் பின்னாலிருந்து. இந்தத் தலைமுறை சிஆர்-வியில் இவை மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பின் டிஃபரென்ஷியல் ஆயிலைத்தான்.

இந்த வண்டி எப்போதும் நாலு சக்கரத்தில் ஓடுவதில்லை. சாதாரணமாக முன்சக்கரம்தான் இழுக்கும். பின் டிஃபரென்ஷியலுக்கு முன்னால் இரண்டு சின்ன ஆயில் பம்ப் இருக்கின்றன. ஒன்றை ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (முன்னாலிருந்து பின்னுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு) சுற்றுகிறது, மற்றதைப் பின்சக்கரங்கள் சுற்றுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும்வரை ஒன்று தள்ளும் ஆயிலை இன்னொன்று இழுத்துக்கொள்ளும். முன்சக்கரம் சேற்றில் வழுக்கி வேகமாகச் சுழன்றால் ஆயில் மிஞ்சும், அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் கிளட்ச் தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும். பின்சக்கரமும் இழுக்க ஆரம்பிக்கும். சுவிட்ச், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எனக்கு இந்த வண்டியைப் பிடித்ததே அதனால்தான்.

சிக்கல் திரும்பும்போதுதான். முழுக்க ஒடித்தால் முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் சின்ன வட்டம். முன்னது வேகமாகச் சுழல்வதால் கிளட்ச் லேசாகப் பிடிக்கத்தான் செய்யும். ஆயில் நன்றாக இருந்தால் தட்டுகள் வழுக்கிக் கொடுத்துவிடும், நமக்குத் தெரியாது. அந்த வழுக்கலுக்காகச் சேர்த்த சரக்கு பழைய ஆயிலில் தீர்ந்திருக்கும். தட்டு பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். நீங்கள் கேட்கும் 'உர்ர்ர்' அதுதான்.

அடுத்தது டயர். முன்டயர் தேய்ந்தால் சுற்றளவு குறைகிறது, நேர் ரோட்டிலேயே அது வேகமாகச் சுழலும். ஹோண்டா இதை யோசித்துத்தான் பின் பம்பை முன் பம்பைவிட 2.5 சதவீதம் பெரிதாகச் செய்திருக்கிறது. 205/70 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். முன்னுக்கும் பின்னுக்கும் 5 மி.மீ. தேய்மான வித்தியாசம் இருந்தால் சுற்றளவில் 3 செ.மீ., அதாவது ஒன்றரை சதவீதம். ஹோண்டா விட்டுவைத்த இடத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. 'புதுசைப் பின்னால் போடுங்க' என்று டயர் கடையில் சொல்வது மழைக்கு நல்லதுதான், ஆனால் இந்த வண்டிக்கு நாலும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்க வேண்டும். டேப் வைத்து அளந்து பாருங்கள்.

ஆயில் மாற்றுவது சுலபம். முதலில் ஆயில் ஊற்றும் மேல் ப்ளக்கைத் திறங்கள். அது திறக்காமல் கீழ் ப்ளக்கைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டால் நடுத்தெருவில் நிற்பீர்கள். உள்ளே போவது ஒரு லிட்டர், ஓட்டை வழிந்தால் நிறுத்திவிடலாம். ஹோண்டாவின் டூயல் பம்ப் ஃப்ளூயிட் மட்டும்தான். யாராவது '90 கியர் ஆயில் போதும் சார்' என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஊற்றியதும் காலி மைதானத்தில் லைசன்ஸ் டெஸ்டுக்குப் போடுவதுபோல எட்டு போடுங்கள், முதல் கியரில், இரண்டு பக்கமும் முழு ஒடிப்பு. புது ஆயில் தட்டுகளுக்குள் போக வேண்டும்.

ஜே.சி.ரோடு ரெகுலர்

அண்ணன் சொன்னதோடு இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றபடி, எஞ்சின் ஓட, ஸ்டியரிங்கை மட்டும் ஒடியுங்கள். அப்போதும் முனகினால் அது பவர் ஸ்டியரிங் பம்ப், பின்பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லை. திரும்பிக்கொண்டே வேகம் கூட்டும்போது 'டக்டக்டக்' என்றால் முன் ஆக்ஸில் ஜாயின்ட், ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். அதிர்வு இருந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நடு பேரிங்கையும் ஆட்டிப் பாருங்கள்.

அப்புறமும் சந்தேகம் தீரவில்லையா, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா ஒரு ரவுண்ட் போங்கள். வெறும் முன்சக்கர வண்டியாக ஓடும். முனகல் காணாமல் போனால் விஷயம் பின்னால்தான். கழற்றுமுன் இரண்டு முனையிலும் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள்.

ஆயிலுக்கு ஜே.சி.ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் தேடி அலைய வேண்டாம், சர்வீஸ் சென்டர் பார்ட்ஸ் கவுன்டரில் சொல்லி வைத்தால் வரவழைப்பார்கள். உங்கள் பேஸ்மென்ட்டில் வழவழப்பு பெயின்ட் அடித்த தரையென்றால் டயர் கிறீச்சிடுவதையும் முனகலோடு சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

பானஸ்வாடி பெட்ரோல்

நின்றபடி ஒடித்தால் சத்தமே இல்லை. பூட் கிழியவில்லை. ஆயில் வரவழைத்து மாற்றினேன். வெளியே வந்தது கரிக்கறுப்பு, கருகின வாடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு போட்டேன், செக்யூரிட்டி வந்து 'ஏனு சார்?' என்று விசாரித்துவிட்டுப் போனார். முதல் சில சுற்று முனகியது, அப்புறம் குறைந்தது. இப்போது சாயங்காலமும் தூணைச் சுற்றி அமைதியாக வருகிறது. முன்னும் பின்னும் சுற்றளவு அளந்தால் கிட்டத்தட்ட 3 செ.மீ. வித்தியாசம்தான், அண்ணா. நாலு டயருக்கும் சொல்லியாயிற்று.

ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் 60-க்கு மேல் அந்த இரைச்சல் அப்படியே இருக்கிறது.

கண்டோன்மென்ட் ஸ்பேனர்

அது வேறு கேஸ். டயர் மாறியதும் இரைச்சலும் போய்விட்டால் பழைய டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். போகாவிட்டால் வீல் பேரிங். காலி ரோட்டில் 60-ல் போகும்போது லேசாக வலப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். இரைச்சல் கூடினால் இடப்பக்க பேரிங், இடப்பக்கம் சாய்க்கையில் கூடினால் வலது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி, இன்னொரு கையை ஸ்பிரிங்கில் வைத்தால் நறநறப்பு விரலில் தெரியும். முன்னா பின்னா என்பதையும் அப்படியே கண்டுபிடித்துவிடலாம். ஒரு பேரிங் போனதற்கு நாலையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.