நத்தானியேல் பாதிரியார் வேடம்: சிரிப்பு எங்கே இருக்கிறது?

அரிதாரம்:
எங்கள் குழு அடுத்ததாக ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' போடுகிறது, ஆங்கிலத்திலேயே. எனக்கு நத்தானியேல் பாதிரியார். வசனம் கொஞ்சம்தான், அதிலும் பாதி ஹோலோஃபெர்னஸ் வாத்தியாருக்கு ஆமாம் போடுவது. கடைசியில், அரசவைக்கு முன் ஊரார் போடும் ஒரு குட்டி நாடகத்தில், அலெக்சாண்டர் வேஷத்தில் வந்து மூன்று வரி சொல்லித் திணறுகிறார். குரலை நடுங்கவிட்டுச் செய்யச் சொல்கிறார் இயக்குநர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நடித்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஒப்பனையறை:
கண்ணை மறைக்கிற அளவுக்குப் பெரிய இரும்புத் தொப்பி ஒன்று போடுங்கள். நுழைந்ததுமே கைதட்டல்.

பின்னரங்கம்:
நான் இந்த வேடம் கட்டியவன். தொப்பி வேண்டாம் தம்பி. ஜனங்கள் தொப்பியைப் பார்த்துச் சிரிப்பார்கள், மனுஷர் காணாமல் போய்விடுவார். நத்தானியேலுக்கு வாத்தியாரின் படிப்பு மேல் உண்மையான பக்தி. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில் வாத்தியார் அர்மாடோ என்ற ஸ்பானிய ஜம்பக்காரனைப் பற்றி 'பெரிக்ரினேட்' (வெளிநாடு சுற்றியவன் மாதிரி) என்று ஒரு சொல் உதிர்க்கிறார். அந்த ஒற்றைச் சொல்லுக்காக இவர் குறிப்பேட்டை எடுக்கிறார். இது பின்னால் யாரோ சேர்த்ததில்லை, பழைய அச்சிலேயே இருக்கும் மேடைக்குறிப்பு. நான் ஏட்டைக் கயிறு போட்டு இடுப்பில் கட்டியிருந்தேன். வாய்க்குள் எழுத்துக்கூட்டி, முழுச் சொல்லையும் நிதானமாக எழுதினேன். வாத்தியார் எங்கோ போய்விட்டார், நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அரங்கம் சிரித்தது அங்கேதான்.

அலெக்சாண்டர் காட்சியில், மூன்றாம் வரியில் தன் பெயரைச் சொன்னதும், இளவரசியோடு வந்த 'போயே' என்ற பிரபு மடக்குகிறான்: உன் மூக்கு நேராக நிற்கிறதே, நீ எப்படி அலெக்சாண்டர்? (அலெக்சாண்டரின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்; அப்படியானால் மூக்கும் நேராக நிற்காதே என்பதுதான் கேலி.) அரசனின் நண்பன் பெரோனும் சேர்ந்துகொள்கிறான். இளவரசி மட்டும் மேலே சொல்லச் சொல்கிறாள். இவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை, முதல் வரிக்கே திரும்புகிறார். நெட்டுருப் போட்டவருக்குத் தலையிலிருந்துதானே வரும்! இந்த இரண்டாவது முறைதான் வேடத்தின் உயிர். முதல் முறையைவிட நன்றாகச் சொல்லுங்கள், இளவரசி மேல் நன்றியோடு, இந்தத் தடவை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு. அடுத்த கேலி அந்த நம்பிக்கையின் மேல் விழட்டும். குரல் நடுங்கினால் அவர் தோற்பது முன்னாலேயே தெரிந்துவிடும்.

அரிதாரம்:
மிக்க நன்றி அண்ணா. அதோடு வசனம் முடிந்துவிடுகிறதே, உடனே உள்ளே போய்விடவா?

பின்னரங்கம்:
மேடை ஓரத்தில் நில்லுங்கள், இயக்குநரிடம் கேட்டு வாங்குங்கள். நாட்டுப்புறக் கோமாளி கோஸ்டார்ட் உங்களுக்காகப் பரிந்து பேசுகிறான்: சாதுவான மனுஷர், நாணயமானவர், சட்டென்று தளர்ந்துவிடுவார், அருமையான அண்டை வீட்டுக்காரர், பந்து உருட்டுவதில் கெட்டிக்காரர், அலெக்சாண்டர்தான் அவருக்குக் கொஞ்சம் பெரிய வேஷம். ஷேக்ஸ்பியர் ஒரு சின்னப் பாத்திரத்துக்கு இவ்வளவு அன்பாக எழுதியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அது உங்கள் காதில் விழ வேண்டும். பிறகு பழைய யூத வீரன் யூதாஸ் மக்கபேயாக வரும் வாத்தியாரையும் அதே கும்பல் கிழிக்கிறது. இது பெருந்தன்மை இல்லை, பண்பு இல்லை என்று அவர் சொல்லும்போது நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பிரதியில் அப்படி இல்லை. ஆனால் நத்தானியேல் வேறு எங்கே போவார்?

கண்ணாடிப்பெட்டி:
ஒன்று கவனியுங்கள். 1598-இல் வந்த பழைய அச்சுப் பதிப்பில் (குவார்ட்டோ) நாலாம் அங்கம் இரண்டாம் காட்சியில் நத்தானியேல், ஹோலோஃபெர்னஸ் பெயர்கள் மாறிமாறி அச்சாகியிருக்கின்றன. பதிப்பாசிரியர்கள்தான் பிரித்துக் கொடுத்தார்கள். அதனால் பெரோனின் காதல் கவிதையை யார் வாசிப்பது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். உங்கள் குழுவில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கவிதை உங்களுக்கே வந்தால் விட்டுவிடாதீர்கள், வசனம் குறைவு என்ற குறை பாதி தீரும்.