சதுரகிரி ஓடைகள்: கார்த்திகையில் ஏறியவர்கள் சொல்லுங்களேன்

அடிவாரமான தாணிப்பாறை வழியாக ஒரே நாளில் சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறி இறங்கத் திட்டம். எட்டுப் பேர், அதில் இருவர் அறுபதைத் தாண்டியவர்கள். வனத்துறை கேட் திறந்ததும் ஏறி, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். ஏற்றம் பயமில்லை, ஓடைகள்தான் கவலை. 2015 மே மாதம் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துப்போனது நினைவிருக்கும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை கீழே வந்துவிடும்.

ஓடையைக் கடக்கக் கைவசம் உள்ள முறை இதுதான்: முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்குவதில்லை. பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, கம்பை முன்னால் ஊன்றி, ஒரு கால் பதிந்த பிறகே அடுத்த காலை நகர்த்துவது. ஷூவைக் கழற்றுவதில்லை, சாக்ஸை மட்டும். வெறுங்காலோடு பாசிப் பாறையில் நின்றால் வழுக்குவது ஒருபுறம், இடுக்கில் விரல் மாட்டினால் அவ்வளவுதான். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேற்றம்.

தெரிய வேண்டியவை: வழியில் வரும் மாங்கனி ஓடையில் கார்த்திகை கடைசியில் எவ்வளவு தண்ணீர் ஓடும்? வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறைப் பக்கம் பெரியவர்கள் பிடித்து ஏற ஏதாவது இருக்கிறதா, இருபது மீட்டர் கயிறு சுமந்து வரணுமா? மழையால் இறக்கத்தை நிறுத்திவிட்டால் மேலே தங்க விடுகிறார்களா?

சமீபத்தில் போனவர்கள் தேதியோடு சொன்னால் நல்லது. கோடையில் போன அனுபவம் இதற்கு உதவாது.