புச்சினி படத்தில் இருந்த 1908

நான் பட்ட பாட்டை எழுதிவைக்கிறேன். பழைய படம் தேடுகிற வேறு யாருக்காவது ஒரு வாரம் மிச்சமாகட்டும்.

2024 நவம்பர் 29 அன்று இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் புச்சினி இறந்து நூறு வருடம் நிறைந்தது. சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் நாலு பக்கம் கேட்டார். கட்டுரை ஒரு வழியாக முடிந்தது, படம் வேண்டுமே? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில், எல்லோரும் எடுக்கிற அதே மார்பளவுப் படத்தை எடுத்தேன். தடித்த மீசை, வெள்ளைக் காலர். குறிப்பில் 'எ. டுபான்ட், நியூயார்க்' என்று இருந்தது. பக்கத்தில் ஆங்கில 'சி' எழுத்தும் அதை ஒட்டியே 1908-உம். சரி என்று, 'நியூயார்க்கில் 1908-இல் டுபான்ட் எடுத்த படம்' என்று அடியில் போட்டேன்.

இதழ் வந்த மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தம்பி, 1908-இல அவரு நியூயார்க் போகவே இல்லையே?" என்றார்.

போகவில்லைதான். அவர் அங்கே போனது இரண்டே முறை. 1907 ஜனவரி, பிப்ரவரியில் ஒருமுறை. 1910 கடைசியில் தன் 'லா ஃபன்சியுல்லா டெல் வெஸ்ட்' ஓபராவின் முதல் மேடையேற்றத்துக்கு ஒருமுறை. 1908 பிப்ரவரியில் மனிதர் எகிப்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் அந்த 1908 எங்கிருந்து வந்தது?

அந்த 'சி' காப்புரிமையின் 'சி'. படத்தை எந்த ஆண்டு பதிவு செய்தார்கள் என்பதுதான் அது. எடுத்த ஆண்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 'சுமார்' என்று சொல்ல வேண்டுமானால் அந்த நூலகத்தார் 'சிஏ' என்று போட்டு, புள்ளி வைத்து, இடம் விட்டு ஆண்டை எழுதுவார்கள். ஒரு எழுத்து, ஒரு புள்ளி. நான் மட்டுமில்லை, அந்தப் படத்தை 1908-இல் எடுத்ததாகவே ஏராளமானவர்கள் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு தப்பும் அதே வரியில் இருந்தது. டுபான்ட் 1900-இலேயே இறந்துவிட்டார். ஸ்டுடியோவை அதே பெயரில் நடத்தி வந்தவர் அவர் மனைவி. ஆக, ஒரு வரிக்குள் ஆண்டும் தப்பு, ஆளும் தப்பு.

அப்புறம்தான் செய்தித்தாள் பக்கம் போனேன். முதலில் அதைச் செய்திருக்க வேண்டும். 1907 ஜனவரி 18 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் புச்சினியின் 'மனோன் லெஸ்கோ' முதல் முறையாக மேடையேறுகிறது. அன்றைக்கு வந்து சேர வேண்டிய இசையமைப்பாளரின் கப்பலோ மூடுபனியில் மாட்டிக்கொண்டது. சாயங்காலம்தான் கரை சேர்ந்தார். அவர் அரங்குக்குள் வரும்போது நாடகம் தொடங்கிவிட்டது. முதல் அங்கம் முடிந்ததும் கூட்டம் அவர் இருந்த பக்கம் திரும்பிக் கைதட்டியது. இதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்ததில் படத்தின் தேதியே மறந்துபோயிற்று. டுபான்ட் ஸ்டுடியோவுக்கு எந்த நாள் போனார் என்பது மட்டும் கடைசிவரை சிக்கவில்லை. 1907 பயணத்தில் எடுத்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதை ஊகம் என்றே எழுதுகிறேன், இனிமேல்.

*

மேலே எழுதியவர் செய்தித்தாளில் சுலபமாகத் தேடிவிட்டது போலத் தெரிகிறது. எனக்கு அப்படி அமையவில்லை. காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பான 'குரோனிக்ளிங் அமெரிக்கா'வில் புச்சினி பெயரைக் கொடுத்தால் நான் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. அங்கே மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த பக்கங்களை இயந்திரம்தான் படிக்கிறது. ஆங்கில 'யு' அதற்கு 'என்' ஆகிவிடும், 'சி' 'இ' ஆகிவிடும், வரிக் கடைசியில் பெயர் இரண்டாக உடைந்திருந்தால் அதுவும் போச்சு. கடைசியில் அவர் பெயரையே விட்டுவிட்டேன். பாடகர்கள் கரூசோ, ஃபாரார், இசைக்குழு நடத்துநர் டொஸ்கானினி என்று கூட இருந்தவர்களின் பெயரைத் தேதியோடு சேர்த்துக் கொடுத்தேன். 1907 பிப்ரவரி 11 ('மேடம் பட்டர்ஃபிளை'), 1910 டிசம்பர் 10 ('லா ஃபன்சியுல்லா') என்று மேடையேற்ற நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு மறுநாள் தாள்களை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது இன்னும் நல்லது. கண்ணுக்கு வேலைதான், ஆனால் எதிர்பாராதது கிடைக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். 1903 பிப்ரவரி 25 இரவு இத்தாலியின் லூக்கா நகரிலிருந்து வீடு திரும்பும்போது புச்சினியின் கார் கவிழ்ந்து அவர் கால் முறிந்தது. கூட, அவரோடு வாழ்ந்துவந்த எல்விராவும் இருந்தார். அந்த விபத்தைத் தேடும்போது 'மனைவி' என்று கண்ணில் பட்டால் அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். அப்போது எல்விரா சட்டப்படி வேறொருவரின் மனைவி. அந்தக் கணவர் விபத்துக்கு மறுநாளே இறந்துபோனார். இவர்கள் திருமணம் 1904 ஜனவரி 3-இல். செய்தி எழுதியவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை. ஊரில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதியிருப்பார்.

*

மேலே எழுதிய இருவருக்கும் அடுத்து நான். எனக்குப் பிடித்தது பழைய விமர்சனங்கள். 1896 பிப்ரவரி 1, இத்தாலியின் டூரின் நகரம், புச்சினியின் 'லா போயம்' முதல் இரவு. 'லா ஸ்டாம்பா' நாளிதழ் விமர்சகர் கார்லோ பெர்செஸியோ, இது நம் ஓபரா வரலாற்றில் பெரிய தடம் எதையும் விட்டுச்செல்லாது என்கிற மாதிரி எழுதிவைத்தார். அவரைக் கிண்டல் செய்து எல்லோரும் எழுதியாயிற்று. எனக்கு அவர் மேல் கொஞ்சம் பரிவுதான். அதே அரங்கில் சில வாரம் முன்புதான் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பிரம்மாண்டமான ஓபரா 'கோட்டர்டேமருங்' நடந்திருந்தது. அதைக் கேட்ட காதோடு போய் உட்கார்ந்தவருக்கு, குளிரில் நடுங்கும் நாலு இளைஞர்களின் கதை சின்னதாகத்தான் தெரிந்திருக்கும்.

படம் தேடுகிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். பழைய அஞ்சலட்டை ஒன்றை வாங்கினேன், கோட்டு போட்ட புச்சினி. ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேல்பை வலது மார்பில் இருந்தது. ஆண்கள் கோட்டில் அது இடது பக்கம்தானே வரும்? பித்தான் துளையும் மாறிக் கிடந்தது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பையைத்தான் பார்க்கிறேன்.

*

முதலில் எழுதியவன்தான். என் படத்திலும் பையைத் தேடப் போகிறேன். திருத்தம் என்ன ஆயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அடுத்த இதழிலேயே வந்துவிட்டது, பதிவு ஆண்டையும் ஸ்டுடியோவையும் சரியாகப் போட்டுவிட்டார்கள். புச்சினியைத்தான் 'பூச்சினி' ஆக்கிவிட்டார்கள். ஆசிரியர் இன்னும் போன் செய்யவில்லை.