புது ஏசி தண்ணி சுவத்துல இறங்குது, அவசரம்

வளவுவீட்டுப்பேரன்: ஏசி மாத்தி நாலு நாள்தான் ஆச்சு. ராத்திரியெல்லாம் சுவத்துல தண்ணி வடியுது. அப்பத்தா கட்டில் தலைமாட்டுல கோடு கோடா ஈரம். முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச சுண்ணாம்புப் பூச்சு, முகம் பாக்கலாம். இப்ப தொட்டா கையில மாவா ஒட்டுது. மாட்டுனவர் போன் எடுக்கல. ஞாயித்துக்கிழமை வீட்ல விசேசம். யாராச்சும் சொல்லுங்க.

கோட்டையூர்க்காரன்: ஸ்பிலிட்டா, விண்டோவா? தண்ணிக் குழாய் எங்க போய் விழுது?

பள்ளத்தூரான்: கேஸ் கம்மி. உள்ள குளிர்ற குழாய்ச் சுருள் இருக்குல்ல, அந்தக் காயில்மேல ஐஸ் கட்டி உருகுது. வேற ஒண்ணுமில்ல.

கோட்டையூர்க்காரன்: நாலே நாள்லயாண்ணே?

பள்ளத்தூரான்: கேஸ் குழாய் நட்டைச் சரியா முறுக்கலைன்னா நாலு மணி நேரம் போதும்.

பழைய_மெக்கானிக்: இதையே எத்தனை தடவை எழுதுறது? தேடிப் பாக்குற பழக்கமே யாருக்கும் இல்ல. தண்ணி மேட்டுக்கு ஏறாது, மூணாங்கிளாஸ் பாடம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேணும். ஏசி மூடியைத் திறந்து, உள்ள தண்ணி சேர்ற தட்டுல ஒரு சொம்புத் தண்ணி ஊத்துங்க. அந்த முனையில வரலைன்னா குழாய்லதான் கோளாறு, கேஸுல இல்ல.

வளவுவீட்டுப்பேரன்: ஸ்பிலிட், ஒன்றரை டன். ரெண்டடி கனச் சுவரு, துளை போடக்கூடாதுன்னுட்டாக அப்பா. அதனால பழைய குழாயிலயே சேத்தாச்சு. கதவு நிலைக்கு மேல போய் வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, அண்டாவுல விழும். பழசுக்கு நல்லாத்தான் ஓடுச்சு.

கோட்டையூர்க்காரன்: புதுசும் அதே உயரத்துலயா இருக்கு?

தேவகோட்டை_இன்வெர்ட்டர்: அண்டாத் தண்ணியை வீணாக்காதீக, பேட்டரிக்கு ஊத்தலாம். நான் ஊத்துறேன்.

பள்ளத்தூரான்: ஊத்தாதீங்க. காயில் தூசி, உலோகம் எல்லாம் கலந்துதான் வரும். கடையில விக்கிற பேட்டரித் தண்ணி வேற, இது வேற.

தேவகோட்டை_இன்வெர்ட்டர்: ஆறு வருசமா ஊத்துறேன்.

பள்ளத்தூரான்: அதான் ரெண்டு வாட்டி பேட்டரி மாத்துனேன்னு போன மாசம் புலம்புனீக.

வளவுவீட்டுப்பேரன்: சொம்புத் தண்ணி அப்படியே திரும்பிருச்சு. துடைக்க ஏந்தலா இருக்கும்னு பழசை விட ஒரு சாண் கீழ மாட்டச் சொன்னது நான்தான். நிலைகிட்ட குழாய் மேடாயிருச்சு. அண்டாவுல முனையும் முங்கிக் கிடந்துச்சு. யூனிட்டை ஏத்தி, முனையை அறுத்தாச்சு. நின்னுருச்சு. சுவத்துக் கறைக்கு என்ன பண்ண?

கோட்டையூர்க்காரன்: எமல்ஷன் மட்டும் அடிச்சுறாதீங்க, ஈரம் உள்ளயே நின்னு பூச்சு பேந்துரும். நல்லா காய விட்டு, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாருகிட்ட காட்டுங்க. எத்தனை அடிக்கு இறங்கிருக்கு?

கோட்டையூர்க்காரன்: தம்பி, இருக்கீங்களா?

தேவகோட்டை_இன்வெர்ட்டர்: ரெண்டு வாட்டி இல்ல, ஒரு வாட்டிதான் மாத்துனேன்.