24 கிலோ இறங்கியாயிற்று, பழைய துணிகளை என்ன செய்வது?

இடுப்பு42:
பதினாறு மாதத்தில் 104 கிலோவிலிருந்து 80க்கு வந்திருக்கிறேன். 42 அங்குலம் இருந்த இடுப்பு இப்போது 34. பெருமைக்காகச் சொல்லவில்லை, பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பீரோவில் பதினொரு சட்டை, ஆறு பேன்ட், ஒரு கோட். எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, ஆனால் ஒன்றுகூட உடம்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியை வைத்து நான்கு ஓட்டை போட்டேன், அதன் வால் இப்போது முதுகுப் பக்கம்வரை போகிறது. அந்தச் சட்டையோடு வெளியே போனால், "உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்று தணிந்த குரலில் விசாரிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொல்கிறாள் மனைவி. அப்பாவோ, "உடம்பு இன்றைக்கு இருப்பதுபோல் நாளைக்கு இருக்குமா? மடித்து மேலே போடு" என்கிறார். கொடுப்பதா, வைப்பதா, பிடித்துத் தைப்பதா?

நடையோநடை:
வாழ்த்துகள் நண்பரே. முதலில் உங்கள் புனைபெயரை மாற்றுங்கள். அப்புறம் வருகிற ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் வெளியே அனுப்புங்கள்.

நான் மூன்று முறை எடை இறக்கியவன். முதல் இரண்டு முறையும் பழைய துணிகளை வைத்திருந்தேன். ஏறும் எடை ஒரே நாளில் ஏறுவதில்லை. பேன்ட் பட்டன் லேசாக இறுக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அடுத்த சைஸ் பக்கத்திலேயே தொங்கினால் கை தானாக அதை எடுக்கும். இரண்டு மாதம் கழித்து அதற்கும் அடுத்ததை எடுக்கும். இப்படியே 15 கிலோ ஏறினேன். எந்தத் துணியும் என்னை இறுக்காததால் எனக்கே தெரியவில்லை. மூன்றாம் முறை ஒரு கைக்குட்டைகூட மிச்சம் வைக்கவில்லை. ஐந்து வருடமாக எடை நிற்கிறது.

பரண்:
"மிச்சம் வைக்காதே" என்கிறவர்கள் கதையின் மறுபாதியைச் சொல்வதில்லை. அதை நான் சொல்கிறேன்.

12 கிலோ இறங்கிய உற்சாகத்தில் பெரிய சைஸ் எல்லாவற்றையும் கொடுத்தேன். ஒன்றரை வருடத்தில் அந்த 12 கிலோ திரும்பி வந்தது, கூடவே இரண்டு. வேலைக்குப் போட்டுக்கொண்டு போக எனக்கு மிச்சமிருந்தது இரண்டே இரண்டு உடுப்பு. ஒரு மாதம் அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டேன். புதிதாக வாங்கக் கடைக்குப் போகக் கூச்சம். துணி இறுக்குவது எச்சரிக்கை என்கிறீர்கள், எனக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது. தண்டனையால் யாரும் மெலிந்து நான் பார்த்ததில்லை.

இது என் சோம்பலின் கதை மட்டும் இல்லை. 2011இல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரம் உணவைக் கடுமையாகக் குறைத்து மெலிந்தவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. 2016இல் இன்னொன்று: அமெரிக்க டிவி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். சராசரியாக 58 கிலோ இறக்கியவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் போட்டிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, எதிர்பார்த்த அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. உடம்பே இப்படி எதிர்த்து நிற்கும்போது பீரோவின் மீது பழி போடுவது என்ன நியாயம்?

நடையோநடை:
அக்கா, அந்த 14 பேர் போட்டிக்காக முப்பது வாரத்தில் அசுர வேகத்தில் இறக்கியவர்கள். பதினாறு மாதம் எடுத்துக்கொண்ட மனிதருக்கு அதை அப்படியே பொருத்தினால் எப்படி? அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ இறக்கி, ஒரு வருடமாவது அதைக் காத்தவர்கள் மட்டும் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் பொதுவாக இருந்த பழக்கங்களில் ஒன்று, வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பது. கண்காணிப்பு இருந்தால் எடை நிற்கும். இறுக்கமான பேன்ட்டும் ஒரு கண்காணிப்புதான்.

பரண்:
தம்பி, ஜெயித்தவர்களை மட்டும் சேர்த்த பட்டியலைக் காட்டி "எல்லோரும் ஜெயிக்கலாம்" என்றால் நான் என்ன சொல்ல? அதோடு, எடை பார்க்கத்தான் எடை மெஷின் இருக்கிறதே. அதில் ஏறி நில்லுங்கள். மாற்றுத்துணி இல்லாமல் நிற்கச் சொல்லாதீர்கள்.

கத்தரியும்நூலும்:
இருபது வருடமாகத் தையல் வேலை. பிடித்துத் தைக்கலாமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் வருகிறேன்.

சார், 42க்கும் 34க்கும் எட்டு அங்குலம். பேன்ட்டில் அதை ஆல்டர் என்று சொல்ல முடியாது, புதிதாக ஒன்று தைப்பதற்குச் சமம். பேன்ட்டைப் பின்பக்க நடுத்தையலில்தான் பிடிப்போம். இரண்டு அங்குலம்வரை பிடித்தால் வெளியே தெரியாது. அதற்கு மேல் போனால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும், பக்கப் பாக்கெட் பின்னால் இழுத்துக்கொள்ளும். இடுப்பைச் சரிசெய்துவிட்டாலும் கவுட்டைத் துணி கீழே இறங்கித் தொங்கும், தொடை பாவாடைபோல் ஆடும். ஆக, ஆறு பேன்ட்டையும் மறந்துவிடுங்கள்.

சட்டை கதை வேறு. கொழுப்பு குறையும், எலும்பு குறையாது. தோள்பட்டைத் தையல் எங்கே உட்காருகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். தோள் எலும்பின் முனையிலிருந்து ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தால் பரவாயில்லை, பக்கவாட்டிலும் கையிலும் பிடித்துச் சரிசெய்யலாம். மூன்று விரல் இறங்கினால் கையைக் கழற்றி, கைக்குழியை வெட்டி, திரும்ப ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தாலும் காலர் கழுத்தில் வளையம்போல் நிற்கும். ஒரு ரகசியம் சொல்கிறேன். தொப்பை உள்ளவர்கள் பெரும்பாலும் வயிற்றுக்குப் பார்த்துத்தான் சட்டை வாங்குவார்கள். அந்தச் சட்டை தோளுக்கு அன்றைக்கே பெரிதாகத்தான் இருந்திருக்கும், மெலிந்த பிறகுதான் கண்ணில் படுகிறது.

டி-ஷர்ட் மாதிரி இழுபடும் துணியைச் சாதா மெஷினில் பிடித்தால் தையல் படக் படக்கென்று அறுந்துபோகும், ஓவர்லாக் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும். கோட்டைப் பிடித்துத் தைக்க எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அதன் தோளுக்குள் பஞ்சும் கான்வாஸும் இருக்கிறது, பிரித்தால் பழையபடி சேராது. இரண்டு பேருக்குச் செய்துகொடுத்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று: எடை ஒரு மூன்று மாதம் ஒரே இடத்தில் நிற்கட்டும், அதன் பிறகு தையல்காரரிடம் போங்கள். பிடிக்கும்போது "உள்ளே இருக்கும் துணியை வெட்டாதீர்கள், பெரிய தையலாகப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் பிரித்துவிடலாம். வெளுத்த துணியைப் பிரித்தால் பழைய நிறம் ஒரு கோடாகத் தெரியும், அது மட்டும்தான் குறை. பரண் அம்மா பயப்படுவதற்கும் நடையோநடை சொல்வதற்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது. பிடித்ததற்குப் பிடித்ததும் ஆயிற்று, வைத்ததற்கு வைத்ததும் ஆயிற்று.

நடையோநடை:
இது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். பிரிக்க வேண்டும் என்றால் தையல்காரரிடம் போய் நிற்க வேண்டும். அந்தக் கூச்சமே பாதி வேலையைச் செய்துவிடும்.

பரண்:
மறுபடியும் கூச்சம்! உங்கள் மருந்துப்பெட்டியில் வேறு மருந்தே இல்லையா?

மறுசுழி:
"கொடுத்துவிடுங்கள்" என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். யாருக்கு? மூட்டை கட்டி எங்காவது ஒரு பெட்டியில் போட்டுவிட்டால் மனம் லேசாகிவிடும், துணி அங்கிருந்து எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கானாவின் அக்ராவில் கண்டமாண்டோ என்று ஒரு சந்தை இருக்கிறது. மற்ற நாடுகளில் வேண்டாம் என்று விட்ட துணிகள் வாரத்துக்குச் சுமார் 1.5 கோடி உருப்படிகள் அங்கே வந்து இறங்குவதாக அங்கே வேலை செய்யும் ஓர் அமைப்பு சொல்கிறது. விற்காதவை சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போகின்றன. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் துணி மலையாகக் குவிந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய துணி புதுத் துணியாவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று 2017இல் எலன் மக்ஆர்தர் அறக்கட்டளையின் அறிக்கை சொன்னது.

அதனால், அதே சைஸ் போடும் ஒரு ஆளைக் கண்டுபிடித்து நேராகக் கையில் கொடுங்கள். பெரிய சைஸில் நல்ல துணி கிடைக்காமல் அலைபவர்கள் நிறைய இருக்கிறார்கள். துவைத்து, பட்டன் சரிபார்த்துக் கொடுங்கள். உள்ளாடை, நைந்தது, கறை பட்டது எல்லாம் வீட்டுத் துடைதுணிக்குப் போகட்டும்.

பரண்:
கொடுங்கள், ஆனால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஒரு தோழி என்னிடம் பையை நீட்டி, "எனக்கு இதெல்லாம் ரொம்பப் பெரிதாகிவிட்டது, உனக்குச் சரியாக இருக்கும்" என்றாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஆறு மாதம் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அந்தத் துணிகள் எனக்குச் சரியாகத்தான் இருந்தன, அதுதான் இன்னும் கோபம்.

மறுசுழி:
சரி, இது நான் யோசிக்காத பக்கம். "வீட்டில் நல்ல துணி கொஞ்சம் இருக்கிறது, யாருக்காவது ஆகுமா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமோ?

சத்தமில்லை:
நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கணவருக்கு 15 கிலோ இறங்கியது, அவர் வேண்டுமென்று இறக்கியதில்லை. "மெலிந்து ஸ்மார்ட் ஆகிவிட்டீர்களே" என்று பாராட்டினார்கள், நாங்களும் சிரித்தோம், மருத்துவரிடம் போவது தாமதமாகிவிட்டது. முயற்சி இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உடனே காட்ட வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

இப்போது சிகிச்சை முடிந்து தேறி வருகிறார். அவருடைய பழைய சட்டைகளை நான் மாதம் ஒரு முறை வெயிலில் போட்டு எடுத்து வைக்கிறேன். போன வாரம் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இன்னும் தொளதொளதான், ஆனால் முன்னைவிடக் கொஞ்சம் நிறைந்திருந்தது. இங்கே யாருக்கும் எதிராக இதைச் சொல்லவில்லை.

நடையோநடை:
மன்னியுங்கள் அம்மா. நான் பேசியது முழுக்க என்னை மாதிரி ஆட்களுக்கு. உங்கள் வீட்டு பீரோவை யாரும் தொடக் கூடாது.

பரண்:
வெயிலில் போடுவது மிகச் சரி. எடுத்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: துவைக்காமல் வைக்காதீர்கள், வியர்வை பட்ட இடம் மாதங்கள் போனபின் மஞ்சளாகத் தெரியும். கஞ்சி போட்டு வைத்தால் பூச்சிக்கு விருந்து. பிளாஸ்டிக் கவரில் ஈரம் அடைபடும், பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் நாப்தலீன் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். இழுபடும் ஜீன்ஸ், எலாஸ்டிக் வைத்தவை வருடக்கணக்கில் தாங்காது, அவற்றை வைத்துப் பயனில்லை. பார்த்தீர்களா, நானும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன்.

இடுப்பு42:
எல்லோருக்கும் நன்றி. சத்தமில்லை அம்மா, உங்கள் கணவர் அந்தச் சட்டையை நிறைத்துக்கொண்டு நிற்கும் நாளில் இங்கே வந்து சொல்லுங்கள்.

நேற்று கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பதினொன்றில் மூன்று சட்டை விரல் கணக்கில் பாஸ். எடை நான்கு மாதமாக 80லேயே நிற்பதால் அந்த மூன்றையும் தையலுக்குக் கொடுத்துவிட்டேன். "உள்ளே வெட்டாதீர்கள்" என்றதும் தையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பாக்கியைக் கட்டில்மேல் பரப்பிவிட்டு, சாப்பிட வந்த நண்பரிடம் "இதில் ஏதாவது யாருக்காவது ஆகுமா பாருங்கள்" என்றேன். ஆறு சட்டையும் ஐந்து பேன்ட்டும் தானே எடுத்துக்கொண்டார். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலர் நைந்த இரண்டு சட்டை துடைதுணியாயிற்று. ஒரு பேன்ட் மட்டும் மேலே போயிருக்கிறது.

நடையோநடை:
ஒன்று என்றாலும் அது பேன்ட்தான் நண்பரே.

பரண்:
ஒற்றைப் பேன்ட்டை வைத்து என்ன செய்வார்? மேலே போட ஒரு சட்டையாவது வைத்திருக்கலாம்.

கத்தரியும்நூலும்:
கோட் என்ன ஆயிற்று சார்?

இடுப்பு42:
அப்பா எடுத்துக்கொண்டார். அவருக்கும் அது தொளதொளதான். கேட்டால், "உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்வேன்" என்கிறார். தோளில் மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொடுத்தால் போதுமாம்.

கத்தரியும்நூலும்:
நான் கடை மாறிப் போய்விட்டதாகச் சொல்லிவிடுங்கள்.