கலைச்சொல்: அகச்சிவப்புக் கருமுகில்?

மா.செ.:
கோளரங்கப் படத்துக்குத் தமிழ் வசனம், வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். பால்வழித் தளம் 8 மைக்ரான் அகச்சிவப்பு அலைநீளத்தில் எங்கும் ஒளிர்கிறது. அதை மறைத்துக் கறுப்பாகத் தெரியும் குளிர்ந்த, அடர்ந்த முகில்கள் சில உண்டு. 1990களில் ஐஎஸ்ஓ, எம்எஸ்எக்ஸ் விண்கலங்கள் காட்டியவை. பெருநிறை விண்மீன்கள் உருவாகும் இடம். ஆங்கில 'இன்ஃப்ராரெட் டார்க் கிளவுட்'டுக்கு 'அகச்சிவப்புக் கருமுகில்' சரியா?

ந.வே.:
'கரு' அருமை. நிறமும் அதுவே, சூலும் அதுவே. மழைக்கு முன் மேகம் கருக்கொள்கிறது என்கிறோம். சங்கப்பாட்டில் அது 'கமஞ்சூல்'. ஆகவே 'சூல்முகில்' என்றே வைக்கலாம். 'இன்ஃப்ரா' என்பது 'கீழ்'. 'அகம்' எப்படி நுழைந்தது? 'கீழ்ச்சிவப்பு' என்பதே முறை.

இரா.கு.:
ஐயா, அதைத் தொட்டால் புறஊதாவையும் மாற்ற வேண்டிவரும். பள்ளிப் பாடநூல் வரை பரவிவிட்டது, விட்டுவிடுங்கள்.

சூல்முகில் எனக்கு உடன்பாடில்லை. கறுப்பாகத் தெரிவதெல்லாம் முகிலே அல்ல. உண்மை முகில் 10–20 கெல்வினில் இருக்கும். 15 கெல்வின் என்றால் ஒளிர்வின் உச்சம் 190 மைக்ரானுக்கு அருகில். ஆக, 8-இல் கறுத்தது ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் 250 மைக்ரான் படத்தில் ஒளிர வேண்டும். ஸ்பிட்சர் விண்தொலைநோக்கிப் படங்களில் குறித்த திட்டுகளை 2012-இல் இப்படிச் சரிபார்த்தபோது பாதிக்கு மேல் தேறவில்லை. பின்னணி ஒளிர்வில் இருந்த வெறும் இடைவெளிகளே பல. தேறியவற்றிலும் 24 மைக்ரானில் ஒளிப்புள்ளி தெரிந்தால் உள்ளே முதல்மீன் (உருவாகிவரும் விண்மீன்) சூடாகிவிட்டது. 70-இலும் கறுப்பாகவே இருக்கும் திரளைத்தான் மிக இளையது என்பார்கள். எல்லாவற்றையும் சூல் என்றால் இந்தப் படிநிலை அழிந்துபோகும்.

மா.செ.:
அப்படியானால் வெறும் 'இருள்முகில்'?

இரா.கு.:
போதாது. கண்ணுக்கு இருண்ட நெபுலாக்கள் பல அகச்சிவப்பில் ஊடுருவித் தெரியும். இவையோ அதிலும் இருண்டவை, முன்னொட்டு கட்டாயம். அதற்காக 'அகச்சிவப்பு முகில்' என்று சுருக்கிவிடாதீர்கள், அகச்சிவப்பை உமிழ்கிறது என்று பொருளாகிவிடும்.

மா.செ.:
'அகச்சிவப்பு இருள்முகில்' என்றே அனுப்புகிறேன். மூவர் தனிமடலில் ஒத்துக்கொண்டார்கள்.

ந.வே.:
என் மறுப்பைப் பதியவும். தவிர, புணர்ச்சிப்படி அது 'இருண்முகில்'.

இரா.கு.:
வசனம் பேசுபவர் அதை 'இரண்டு முகில்' என்று படிக்காமல் இருந்தால் சரி.